பெயர்ப்பலகை இல்லாத ஆறடி லேத்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் கோவை கணபதியில் ஒரு பழைய பட்டறையைக் காலி செய்தார்கள். மில் இயந்திரங்களுக்கு உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்த பட்டறை அது. உரிமையாளர் என் தந்தையின் நண்பர். வயது எண்பதை நெருங்குகிறது. கியர்பாக்ஸ் வைத்த இரண்டு லேத்துகளுக்கு, அதாவது கடைசல் இயந்திரங்களுக்கு, முதல் நாளே ஆள் வந்துவிட்டது. கோன் புல்லியும் பட்டையும் வைத்த ஆறடி லேத் ஒன்று மட்டும், மேலே சாக்கு போர்த்திய நிலையில், சீந்துவாரின்றி மூலையில் நின்றது. பழைய இரும்புக் கடைக்காரர் அதற்குக் கிலோ விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே புகுந்து அதே விலைக்கு எடுத்துக்கொண்டேன். யார் செய்த இயந்திரம் என்று பெரியவரிடம் கேட்டேன்.

"எங்கப்பா செகண்ட் ஹேண்டா வாங்குனதுங்க தம்பி. அப்பவே பேரு கிடையாது. ஆறடி லேத்துன்னு சொல்லுவோம், அவ்வளவுதான்."

நம் ஊர்ப் பட்டறைகளில் லேத்தின் பெயர் என்பது பெட்டின், அதாவது மற்றப் பாகங்களைத் தாங்கும் நீண்ட படுகையின், நீளம்தான். நாலரை அடி, ஆறடி, எட்டடி என்றால் போதும், வேலை தெரிந்தவருக்கு இயந்திரம் கண்முன் வந்துவிடும். ஆனால் அதைப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பெயர் போதாது. எந்த மரை, எந்தக் கியர், எந்த டேப்பர், எந்த அளவு ஸ்பேனர் என்று ஒவ்வொரு கேள்வியும் அதன் பிறப்பை நோக்கித்தான் போகிறது. வேலையைச் சுழற்றும் இடது தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் முகப்பில் மூன்றரை அங்குல இடைவெளியில் இரண்டு சிறிய துளைகள் இருந்தன. ஒரு காலத்தில் அங்கே பித்தளைத் தகடு இருந்திருக்கிறது. யாரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது பெயின்ட் அடிப்பதற்காக எடுத்துவைத்துவிட்டுத் திரும்பப் பொருத்த மறந்திருக்கிறார்கள்.

முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்தேன். வேலையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் இருக்கும் பெட்டின் முனையில் துரு கனமாக இருந்ததால் ஆங்கிள் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஒரே மூச்சில் தேய்த்தேன். தேய்த்து முடித்துத் துடைத்தபோது, பெட்டின் மேல் பாகங்கள் நகர்ந்து ஓடும் முன்பக்க வழியின் கடைக்கோடியில் கையால் அடித்த எண்கள் தெரிந்தன: 2, 1, அதற்கடுத்து ஏதோ ஒன்று. அந்த மூன்றாவது எண் 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். பல உற்பத்தியாளர்கள் வரிசை எண்ணைப் பெட்டின் இந்த முனையில்தான் குத்துவார்கள் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் அவசரப்பட்டேன். அதன் பிறகு எந்தப் பாகத்தையும் முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்து, படம் எடுத்து, பிறகுதான் துருவில் கை வைத்தேன். அப்படிப் பார்த்ததில்தான் ஹெட்ஸ்டாக்கின் இரண்டு பேரிங் மூடிகளிலும் அவை உட்காரும் இடங்களிலும் ஒன்று, இரண்டு என்று சென்டர் பஞ்சால் அடித்த புள்ளிகள் கிடைத்தன. ஒரு மூடி இன்னொன்றின் இடத்தில் பொருந்தாது என்பதற்கான அடையாளம் அது. பாகங்களைத் தனித்தனியே அளவுக்குச் செய்து கோத்த இயந்திரமல்ல இது. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துக் கையால் ஒட்டவைத்த இயந்திரம்.

அடையாளம் காண்பதில் எனக்கு மிகவும் உதவியது அரை அங்குல போல்ட் ஒன்றுதான். பிரிட்டிஷ் விட்வொர்த் மரையும் அமெரிக்க மரையும் கால் அங்குலம், எட்டில் மூன்று அங்குலம், எட்டில் ஐந்து அங்குலம் ஆகிய அளவுகளில் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கும். மரையின் கோணம் மட்டும் வேறு, விட்வொர்த்தில் 55 டிகிரி, அமெரிக்கத்தில் 60. கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது, பழைய போல்ட்டில் பிட்ச் கேஜ் வைத்தாலும் தேய்மானம் குழப்பிவிடும். அரை அங்குலத்தில் மட்டும் எண்ணிக்கையே மாறுகிறது: விட்வொர்த்தில் 12, அமெரிக்கத்தில் 13. மோட்டார் பலகையைப் பிடித்திருந்த போல்ட்டுகள் பிற்காலத்தவை, அவற்றை நம்பவில்லை. ஹெட்ஸ்டாக்கைப் பெட்டுடன் பிணைத்திருந்த, ஒருபோதும் கழற்றப்படாத போல்ட்டை எடுத்து ரூலை வைத்து எண்ணினேன். ஓர் அங்குலத்தில் சரியாகப் பன்னிரண்டு. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த வரிசை கோவையில் ஒரு மூலையில் துருப்பிடித்து என் கையில் இருந்தது.

பெட்டின் வடிவமும் அதையே சொன்னது. அமெரிக்க லேத்துகளில், உளியைச் சுமந்து நகரும் சேடில் பெரும்பாலும் கவிழ்த்த வி வடிவ மேடுகளின்மேல் ஓடும். பழைய ஆங்கிலேய முறையில் மேற்பரப்பு தட்டையாகவும் ஓரங்கள் சதுரமாகவும் இருக்கும். சேடிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது முன் ஓரத்தின் செங்குத்து முகமும் அதை அழுத்தும் ஜிப் பட்டையும்தான். என்னுடையது தட்டைப் பெட். வேலையைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்கு முன்னால் பெரிய ஃபிளாஞ்ச் கடைவதற்காகக் கழற்றக்கூடிய கேப் துண்டும் இருந்தது. மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை. உளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 8, அதன் டயலில் 125 கோடுகள், ஆக ஒரு கோடு ஆயிரத்தில் ஓர் அங்குலம். டெயில்ஸ்டாக்கின் வாய் 31.27 மி.மீ., அதாவது நான்காம் எண் மோர்ஸ் டேப்பர் என்ற தர அளவுக் கூம்புத் துளை. மில்லிமீட்டர் என்ற வார்த்தையே தெரியாத இயந்திரம்.

கியர்களை அளந்தது தனிக் கதை. வெட்டும் மரைக்கேற்ப மாற்றி மாட்டும் சேஞ்ச் கியர்கள் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் கிரீஸும் இரும்புத் தூளுமாகக் கட்டிப்போய்க் கிடந்தன. நாற்பது பல் கியரை எடுத்து வெர்னியரில் வெளிவிட்டத்தை அளந்தால் 76.2 மி.மீ., அதாவது சரியாக 3 அங்குலம். மெட்ரிக் கியரில் வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையுடன் இரண்டைக் கூட்டி வகுத்தால் பல்லின் பருமனைச் சொல்லும் மாட்யூல் கிடைக்கும்; 76.2ஐ 42ஆல் வகுத்தால் 1.814 வருகிறது, அப்படியொரு மாட்யூல் எந்தப் பட்டியலிலும் இல்லை. அங்குலக் கணக்கில் 42ஐ 3ஆல் வகுத்தால் பிசிறில்லாமல் 14 டயாமீட்ரல் பிட்ச், அதாவது விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 14 பல். காணாமற்போன கியரை வெட்டக் கொடுக்கும்போது இந்த ஓர் எண்ணைச் சொல்லத் தெரியாமல்தான் பலர் ஒன்றே முக்கால் மாட்யூலில் வெட்டி வாங்கி, பல்லும் பல்லும் கடித்துக்கொண்டு கத்துவதைக் கேட்டுத் திண்டாடுகிறார்கள்.

டின்னில் இருந்தவை 20இல் தொடங்கி ஐந்து ஐந்தாக ஏறும் வழக்கமான வரிசை. எல்லாம் வார்ப்பிரும்பு, எல்லாவற்றிலும் எண்கள் ஒரே பஞ்சால் குத்தப்பட்டவை. அந்த வரிசையில் சேராத ஒன்று அடியில் கிடந்தது. அது எஃகு, எண்கள் வேறு பஞ்சு, சற்றுச் சாய்ந்த 6, அதன் பக்கத்தில் 3. பல்லை எண்ணினேன், அறுபத்து மூன்று. நடுத்துளையைப் பெரிதாகக் கடைந்துவிட்டதால் பித்தளை புஷ் போட்டு அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சாவிக்காடி அரத்தால் போட்டது. அரம் ஓடிய கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன, ஓரிடத்தில் கை வழுக்கி முகத்தில் கீறியதும்கூட.

அங்குல லீட் ஸ்க்ரூ வைத்த லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட வேண்டுமானால் முறைப்படி 127 பல் கியர் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127. ஆனால் 14 பிட்ச்சில் 127 பல் வைத்தால் கியரின் விட்டம் ஒன்பது அங்குலத்தைத் தாண்டும். சேஞ்ச் கியர்களைத் தாங்கும் இந்த லேத்தின் குவாட்ரண்டில் அது உட்காராது, மூடியும் மூடாது. அதற்குப் பழைய டர்னர்கள் கண்ட வழிதான் 63. நூறுக்கு நூற்றிருபத்தேழு என்ற விகிதத்துக்குப் பதிலாக 63க்கு 80 போட்டால் வரும் பிழை எட்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் நீளத்துக்கு மரை வெட்டினால் மில்லிமீட்டரில் எட்டில் ஒன்று பிசகும். பட்டறையில் வெட்டும் இரண்டு அங்குல மரையில் அந்தப் பிசகை எந்த நட்டும் உணராது.

இந்த ஒரு கியர் எனக்கு நேம் பிளேட்டைவிட அதிகம் சொன்னது. இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இல் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1960களின் தொடக்கத்தில் கிலோவும் மீட்டரும் கடைவீதிக்கு வந்துசேர்ந்தன. பட்டறைகளில் மாற்றம் அவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை. இன்றைக்கும் கடைசலில் "ரெண்டு நூல் தள்ளி" என்றால் கால் அங்குலம்தான். இருந்தாலும் மெட்ரிக் மரை வெட்டித் தரச்சொல்லி ஒரு வாடிக்கையாளர் வந்து நின்ற நாள் ஒன்று இந்த லேத்துக்கும் இருந்திருக்கிறது. அந்த நாளில் அது ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்த இயந்திரம், அதற்குமுன் பிறந்தது.

யார் செய்தது என்ற கேள்விக்கு நான் வந்துசேர்ந்த விடை இதுதான்: ஆங்கிலேய மாதிரியைப் பார்த்து இந்தியாவில் வார்த்துச் செய்த லேத், அநேகமாக 1940களிலோ 1950களிலோ. இங்கிலாந்தில் செய்ததாக இருந்தால் வார்ப்பின் உட்புறம் இன்னும் மட்டமாக இருந்திருக்கும். இதில் பெட்டின் உள் விலா எலும்புகள் ஒன்றுக்கொன்று நான்கைந்து மில்லிமீட்டர் தடிமன் வேறுபடுகின்றன, மணல் ஒட்டிய இடங்கள் அப்படியே இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு இயந்திரங்கள் வருவது அரிதாகிப்போனது. ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் 1941இல் தொடங்கப்பட்டது, பெங்களூரில் எச்.எம்.டி. 1953இல். இவற்றுக்கு வெளியே பட்டாலா, லூதியானா, ராஜ்கோட் போன்ற ஊர்களில் சிறு வார்ப்படச் சாலைகள் கோன் புல்லி லேத்துகளைச் செய்து நாடு முழுவதும் அனுப்பின. பைக்காரா மின்சாரம் 1930களில் வந்தபின் மில்லும் பம்ப்புமாக வளர்ந்த கோவையிலும் லேத் செய்யத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. இவற்றில் எந்த ஊர் என்று தீர்ப்பு எழுத எனக்கு ஆசைதான். பழைய இயந்திரம் வாங்கியவர்கள் பலர், சாயல் தெரிந்தவுடன் பெரிய ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சூட்டிவிடுகிறார்கள். விற்கும்போது அது விலையைக் கூட்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு பயன் இல்லை.

இனி பழுது பார்த்த கதை. பெயின்ட் மூன்று அடுக்காக இருந்தது: மேலே பச்சை, நடுவில் சாம்பல், அடியில் செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு. அந்த அடிப்பூச்சு பெரும்பாலும் ரெட் லெட், ஈயம் கலந்தது. அதை உலர்ந்த நிலையில் எமரி தாளால் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதை ஒரு டின்னில் கட்டி வைத்தேன். சிறு பாகங்களின் துருவை எடுக்கச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜரை வைத்தேன். பாகம் நெகட்டிவில், பழைய இரும்புத் தகடு பாசிட்டிவில். தகடுக்குப் பதிலாக எவர்சில்வர் துண்டைப் போடக் கூடாது, அதிலிருந்து கரையும் குரோமியம் விஷம். மூடிய அறையிலும் செய்யக் கூடாது, கிளம்பும் குமிழி ஹைட்ரஜன். இரவு போட்டுவிட்டுக் காலையில் எடுத்தால் துரு கறுப்பு மாவாகி விரலோடு வந்துவிடுகிறது, அடியிலிருக்கும் எண்ணோ கோடோ அழிவதில்லை. பெட்டின் முனையில் இதைச் செய்திருக்கலாம் என்று நினைத்து நான் நொந்துகொண்ட நேரம் அதிகம்.

சக்கைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டில் ஓடுவது பிளவுபட்ட கன்மெட்டல் புஷ்களில். வெளிப்புறம் டேப்பராக இருப்பதால் இருபுற நட்டையும் திருப்பி இறுக்கமாக்கலாம். சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து, அடியில் நெம்புகோல் கொடுத்துத் தூக்கி, டயல் கேஜில் பார்த்தால் 0.08 மி.மீ. ஆட்டம். முதல் முறை ஆசையில் முழுக்க இறுக்கினேன். பத்து நிமிடத்தில் ஹெட்ஸ்டாக் கை வைக்க முடியாமல் சுட்டது. தளர்த்தி, 0.02இல் நிறுத்தி, அரைமணி நேரம் ஓட்டியபோது வெதுவெதுப்போடு நின்றது. அதுவே போதும்.

அதிக யோசனை தேவைப்பட்டது பெட்டுக்குத்தான். சக்கின் அருகே சேடில் லேசாக ஓடும்படி ஜிப்பைச் சரிசெய்தால், டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது இறுகி நின்றுவிட்டது. எழுபது வருடமாக எல்லா வேலையும் சக்கின் அருகிலேயே நடந்திருக்கிறது என்று அர்த்தம். தெரிந்த டூல்ரூம் ஒன்றிலிருந்து மீட்டர் நீள ஸ்ட்ரெயிட் எட்ஜ் கடன் வாங்கி, ஃபீலர் கேஜ் விட்டு அளந்தேன். முன் வழியில் அதிகபட்சப் பள்ளம் 0.12 மி.மீ., பின் வழியில் 0.05.

தட்டைப் பெட்டில் இது பெரிய குறையல்ல என்று சொல்வார்கள். உளி 0.12 மி.மீ. கீழே இறங்கினால் 50 மி.மீ. விட்டமுள்ள வேலையில் ஆரம் எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட்டால், இறக்கத்தின் வர்க்கத்தை விட்டத்தால் வகுக்க வேண்டும். வருவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு, ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது, முன் வழியும் பின் வழியும் ஒரே அளவு தேயவில்லை என்று. வித்தியாசம் 0.07. இரு வழிகளுக்கும் இடையே 250 மி.மீ., சென்டர் உயரம் 200. சேடில் முன்பக்கமாகச் சாயும்போது உளியின் நுனி நம் பக்கமாக 0.056 மி.மீ. விலகும், விட்டத்தில் அது இரட்டிப்பாகி 0.11 ஆகும். இறக்கம் மன்னிக்கிறது, சாய்வு மன்னிப்பதில்லை.

கிரைண்டிங்குக்கு விசாரித்தேன். சொன்ன தொகை, லேத்துக்கு நான் கொடுத்த விலையைவிட அதிகம். தொகையைவிட என்னைத் தடுத்தது வேறு: பெட்டை இறக்கினால் சேடில் இறங்கும், அதோடு அதன் முன்பலகையான ஏப்ரன் இறங்கும், லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் இரண்டாகப் பிளந்த ஆஃப் நட் அதன் மேல் சரியாக உட்காராது, அதைச் சரிசெய்ய ஸ்க்ரூவின் இரு முனைத் தாங்கிகளையும் இறக்க வேண்டும், இறக்கினால் குவாட்ரண்ட். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டும். என் வேலை புஷ், பின், சிறு ஃபிளாஞ்ச். நீளமான பம்ப் ஷாஃப்ட் அல்ல. பெட்டை அப்படியே விட்டுவிட்டு, கிராஸ் ஸ்லைடையும் அதன்மேல் உளியைத் தாங்கும் காம்பவுண்டையும் மட்டும், மேடான இடங்களைக் காட்டும் மார்க்கிங் புளூ தடவி ஸ்க்ரேப்பரால் சுரண்டி ஒட்டவைத்தேன். மூன்று வார மாலைகள் போயின. புளூ முதலில் நான்கு மூலைகளில் மட்டும் ஒட்டியது. கடைசியில் அம்மைத் தழும்புபோல் பரப்பு முழுவதும் ஒட்டியது.

லேத்தைத் தரையில் நிறுத்தும்போது மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவலைப் பெட்டின் குறுக்கே இரு முனைகளிலும் வைத்து, கால்களுக்கு அடியில் தகடு கொடுத்து முறுக்கை எடுத்தேன். தேய்ந்த பெட்டில் இதை முதலில் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிப் பார்க்கும் சோதனையில் முறுக்கும் தேய்மானமும் ஒன்றையொன்று மறைத்துப் பொய் சொல்லும். முறுக்கை எடுத்து, டெயில்ஸ்டாக்கையும் நேர்படுத்தி, இரு சென்டர்களுக்கு இடையே ஒரு நீளக் கம்பியைக் கடைந்தேன். சக்கின் அருகே விட்டம் 0.09 மி.மீ. கூடுதல். கணக்கு சொன்ன 0.11க்கு இவ்வளவு அருகில் வந்ததில், வேலை கெட்டதையும் மறந்து எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அந்த அளவைச் சுண்ணக்கட்டியால் ஹெட்ஸ்டாக் மூடியின் உட்புறம் எழுதி வைத்திருக்கிறேன். நீள வேலை வந்தால் அங்கே பார்த்துவிட்டு அரத்தாலும் எமரியாலும் சரிக்கட்ட வேண்டியதுதான்.

கடைசியாக அந்த அறுபத்து மூன்றை மாட்டினேன். 2 மி.மீ. பிட்ச்சுக்குக் கணக்கு: 63 பல் கியர் 100ஐ ஓட்ட, அதே அச்சில் 30 பல் கியர் 60ஐ ஓட்ட வேண்டும். வேகத்தைக் குறைக்கும் பேக் கியர் போட்டு, ஆஃப் நட்டைத் திறக்காமல், ஒவ்வொரு முறையும் உளியைப் பின்னுக்கு இழுத்து மோட்டாரைத் திருப்பி ஓட்டித் திரும்பக் கொண்டுவந்தேன். அங்குல ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டும்போது ஆஃப் நட்டைத் திறந்தால் அடுத்த வெட்டு பழைய காடியில் விழாது. பதினாறு மி.மீ. கம்பியில் ஐந்தாவது வெட்டிலேயே மரை வடிவத்துக்கு வந்தது, எட்டாவதில் முடிந்தது. பர்ரைத் தட்டிவிட்டு, காந்திபுரத்தில் வாங்கிய புதிய எம்16 நட்டை முனையில் வைத்துத் திருப்பினேன். முதல் இரண்டு சுற்றில் சற்றுத் தயங்கியது. பிறகு எண்ணெயோடு விரலாலேயே கடைசி மரைவரை இறங்கியது.